சிவபாதத்தின் சிவப்புக் கோடுகள்

சிவபாதத்தின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அவருடைய நோர்வீஜியச் சொற்பட்டியலை அச்சிட்டவர்கள், அதிலிருந்த சிவப்புக் கோடுகளை எல்லாம் அழித்துவிட்டார்கள். இது பிழை. அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

"மாமா, அப்பா போயிட்டார்" என்று அவர் மகன் அழைத்தபோது, நான் பிரெஞ்சு பேசும் எங்கள் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பஸ்ஸில் அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். மடியில் பாடக் கொப்பி. இறங்க மனமில்லாமல் கடைசித் தரிப்பு வரை போனேன்.

சிவபாதம் இங்கே வருமுன் நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்று, காதால் கேட்டே அந்த மொழியைப் பிடித்தவர். அங்கே பேரப்பிள்ளைகள் உள்ள எங்களுக்காக, ஒட்டி வரும் நீண்ட சொற்களைப் பிரித்து எழுதினார். துண்டுகளுக்கு நடுவே நிமிர்ந்த கோடு. அழுத்த வேண்டிய அசையின் கீழே படுத்த கோடு. இரண்டும் சிவப்பு.

பிரெஞ்சுக்காரரோடு வேலை செய்து பழகிய நான் எல்லாச் சொல்லையும் கடைசியில் அழுத்தினேன். பாலர் பள்ளிக்கு அவர்கள் சொல்லும் 'பார்னெஹாகெ'யையும் அப்படித்தான்.

"அண்ணை, உங்கட அழுத்தம் லவால் மெட்ரோ மாதிரி கடைசி ஸ்டேஷனிலைதான் இறங்குது. இதிலை முதல் ஸ்டேஷனிலையே இறங்கோணும்" என்றார் சிவபாதம்.

"பின்துண்டு பாவமில்லையோ?"

"அதுக்கும் குடுங்கோ. ஆனா கொஞ்சம்."

முன்துண்டு 'பார்னெ'க்கு விரல் முட்டியால் மேசையில் தட்டினார். பின்துண்டு 'ஹாகெ'க்கு விரல் நுனியால்.

ஒஸ்லோவில் இருக்கும் என் பேத்தி, தொலைபேசியில் நான் எது கேட்டாலும் விளங்காமல் "ஹே?" என்பாள். அந்த ஞாயிறு முன்துண்டை அழுத்திப் 'பார்னெஹாகெ' என்றேன். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் கதைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவள் கதைச்சவள்தானே அண்ணை? விளங்கிறது பேந்து" என்றார் சிவபாதம். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவில்லை.

மலர்க்குழுச் செயலாளரிடம் போய்க் கேட்டேன். "ஆரோ கிறுக்கினதெண்டு நினைச்சம் ஐயா. கோடில்லாமல் வடிவாக் கிடக்குத்தானே?" என்றார். மூலக் கொப்பியோ, வீடு ஒதுக்கியபோது பழைய கடதாசிகளோடு போய்விட்டதாம்.

செயலாளர் எல்லாருக்கும் கொடுத்த மலர்களைத் திருப்பி வாங்க வேண்டும். சிவபாதத்தின் மகன் வீட்டில் இன்னொரு முறை தேட வேண்டும். அவரிடம் படித்தவர்கள் தங்கள் கொப்பிகளை என்னிடம் கொண்டுவர வேண்டும். செய்வீர்கள் என்று நான் நம்பவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த மேசைத் தட்டலும், அவர் கொப்பியிலிருந்து கோடுகளோடு நான் எழுதி எடுத்த மூன்று பக்கங்களும்தான். கைக்கு வரும் ஒவ்வொரு மலரிலும் அந்த மூன்று பக்கச் சொற்களுக்காவது நான் சிவப்புக் கோடு போட வேண்டும்.