வரலாமோ என்று கேட்ட பொதி

பெரியமடு நடராசா மாமாவின் கம்பியூட்டருக்குள் ஒரு பொம்பிளை வந்து நிக்கிறாளாம், போ எண்டாலும் போறாள் இல்லையாம். ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில், யாரோ சொல்லக் கேட்ட ஒருவர் எனக்குச் சொன்ன கதை இது. சண்டை முடிந்து மாமா ஊர் திரும்பிச் சில வருசம்தான். அவரைப் பற்றி எது காதில் விழுந்தாலும் உடனே விசாரித்துவிடுவேன். மன்னாரில் இருக்கும் என் பெறாமகள், அண்ணனின் மகள் அபிசாவுக்குக் கோல் எடுத்தேன். அவள் சிரித்து முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பொம்பிளை, அபிசாவின் கந்தோரில் வேலை செய்யும் றாபியா. மறிச்சுக்கட்டிக்காரி; தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டதில், வளர்ந்தது புத்தளத்து அகதி முகாமில். மீளக் குடியேறிய ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு நிறுவனம் கம்பியூட்டர் கொடுத்திருந்தது. அவற்றில் தமிழ் எழுத்து, தட்டச்சு, விதைநெல் பதிவு எல்லாம் ஏற்றுவது அவள் பொறுப்பு. அங்கே இன்டர்நெட் இல்லை. பஸ்ஸும் வந்தால்தான் உண்டு.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கறுப்புத் திரையில் ஒற்றை வரி தட்டுவாள். அத்தனை கோப்பும் ஒரே பொதியாகிவிடும். அதைச் சீடியில் போட்டு பஸ் றைவரிடம் கொடுத்துவிடுவாள். சங்கத்தில் யாராவது திறந்தால் பொதி தானே அவிழ்ந்து, ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைத்துவிட்டு, கட்டிவந்த கயிற்றையும் சுருட்டி எறிந்துவிடும்.

முதல் பொதி, சம்மதமா சம்மதமா என்று வழியெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டது. ஒரு ஊரும் சம்மதிக்கவில்லை. விளங்காத பாசையில் கேட்கும் கேள்விக்குத் தலையாட்டினால் என்ன நடக்கும் என்று அந்தச் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அடுத்ததில் றாபியா எல்லாப் பதிலையும் அந்த ஒற்றை வரியிலேயே முன்கூட்டி எழுதி, வாயே திறக்காத பொதியாகச் செய்தாள். அது மற்ற எல்லா ஊரிலும் ஏறியது. பெரியமடுச் சங்கத் தலைவரான நடராசா மாமா மட்டும் பாதியில் வயரைப் பிடுங்கிவிட்டார். ஏன் என்று கேட்கப் போனவளுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஆறுதலாகச் சொன்னாராம்:

"கேளாமல் உள்ள வாறவை ஆரெண்டு எங்களுக்குத் தெரியும், பிள்ளை."

அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பிவந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பெரியமடுக் கம்பியூட்டரும் இயங்காவிட்டால் அவளுடைய வேலை நீடிக்காது. வேலை போனால் திரும்பவும் புத்தளம்தான். மறிச்சுக்கட்டி வீட்டுக்கு அப்போதுதான் கூரை போட்டிருந்தாள்.

மூன்றாவது பொதி ஒரேயொரு கேள்வி கேட்டது, அதுவும் தமிழில்: "மறிச்சுக்கட்டி றாபியா வந்திருக்கிறன். உள்ள வரலாமோ?" கீழே இரண்டு பொத்தான். ஒன்று "வாங்கோ". மற்றது "பிறகு வாங்கோ". இல்லை என்ற பொத்தானே கிடையாது. வீட்டுக்கு வந்தவரை யார் அப்படிச் சொல்லுவார்கள்?

மாமா "பிறகு வாங்கோ"வை அமத்தினார். கேள்விப் பெட்டி மறையவில்லை. "சரி ஐயா, வெளியிலயே நிக்கிறன்" என்று எழுதிக்கொண்டு திரையின் மூலையில் போய் நின்றது. மாமா திரைக்கு மேலே துவாயைப் போட்டு மூடினார். சங்கத்துக்கு வந்த பெண்கள் துவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். ஒஸ்லோவரை வந்த கதை அங்கேதான் புறப்பட்டது. கடைசியில் மாமாவின் மனுசி இராசம்மா மாமியே வந்து பார்த்துவிட்டு, "ஒரு பொம்பிளைப்பிள்ளையை எத்தினை நாளைக்கு வாசல்ல நிப்பாட்டுவியள்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாவாம். மாமா வயலைப் பார்க்கப் போய்விட்டார்.

"இண்டைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை, சித்தப்பா," என்றாள் அபிசா.

பொதி ஏறி முடிந்தால் மாமா பார்க்கப்போகும் கடைசி வரி, "வந்து சேர்ந்திட்டன் ஐயா, ஒரு கோல் எடுங்கோ." கூடவே ஒரு இலக்கம். அதற்கென்றே றாபியா புதுச் சிம் வாங்கி, பழைய போன் ஒன்றில் போட்டுக் கந்தோர் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தாள். அந்த இலக்கம் அந்தத் திரையைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அபிசா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அங்கே ஒரு போன் அடித்தது. எனக்கும் கேட்டது.

"அக்கா, அலுமாரிப் போன். எடுங்கோ."

கதிரை அசையும் சத்தம்கூட வரவில்லை. தேத்தண்ணியை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது.

"பொறு அபிசா," என்றது றாபியாவின் குரல். "ஐயாவும் கொஞ்ச நேரம் வாசல்ல நிக்கட்டும்."

போன் அடித்துக்கொண்டேயிருந்தது.