வெள்ளைக்கார ஜூரிகளும் டால்கம் பவுடரும்

போன சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழா. சிறப்பு விருந்தினர் — அடியேன். கடலூரில் பஸ் ஏறியவள் போய்ச் சேர்வதற்குள் புடவை கசங்கி, முகத்தில் எண்ணெய் வழிந்து... 'சிறப்பு' எல்லாம் பாதி வழியில், ஆலப்பாக்கத்திலேயே இறங்கிவிட்டது.

விழாவில் ஒரு நாடகம். பழைய அமெரிக்க நாவல் ஒன்றின் கோர்ட் காட்சி. செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பின மனிதர் கூண்டில் நிற்கிறார். அவருக்காக ஒரு வெள்ளைக்கார வக்கீல் வாதாடுகிறார். சாட்சியெல்லாம் அவர் பக்கம், தீர்ப்பு மட்டும் எதிர்ப்பக்கம். ஏன்? ஜூரிகள் பார்த்தது சாட்சியை அல்ல, தோலை.

என்னை வரவேற்க வாசலில் நின்றவள் எழிலரசி. குமராட்சிப் பக்கத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்து படிக்கிறாள். அடுத்து சட்டம் படிக்க வேண்டுமாம். பேச்சில் அப்படி ஒரு தெளிவு.

"அப்போ வக்கீல் வேஷம் உனக்குத்தானே?" என்றேன்.

"கேட்டேன் மேடம். வக்கீல் வசனம் முழுசும் பேப்பர் பாக்காம பேசிக் காட்னேன். டிராமா போடற சார் கைகூட தட்டுனாரு. அப்பறம், 'வக்கீல்னா கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும்மா, நீ கூண்டுல நிக்கற ஆளோட பொண்டாட்டியா வந்துடு'ன்னுட்டாரு."

"பொண்டாட்டிக்கு என்ன வசனம்?"

"வசனம் இல்ல மேடம். கடைசில அழணும்."

நிறம் பார்ப்பது பாவம் என்று சொல்லும் நாடகம். அதற்கு நிறம் பார்த்து ஆள் எடுத்திருக்கிறார்கள்! நமக்கு இதெல்லாம் புதுசா என்ன? 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று பழமொழி சொல்லுவோம். பெண் போட்டோ வந்தால் மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "கொஞ்சம் நெறம் கம்மியோ?" என்போம்.

நாடகம் தொடங்கியது. புழுக்கமோ புழுக்கம். தலைக்கு மேல் ஃபோகஸ் லைட், மேடையில் ஃபேன் கிடையாது. பெண்ணாடத்து வெள்ளைக்காரர், மேல்பட்டாம்பாக்கத்து வெள்ளைக்காரர் என்று வரிசையாக ஜூரிகள். அத்தனை முகத்திலும் அப்பிய பவுடர். முதல் சாட்சி வருவதற்குள் அது கோடு கோடாகக் கழுத்துக்கு இறங்க ஆரம்பித்தது. வக்கீல் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்தார் — பாதி அமெரிக்கா போய்விட்டது.

தீர்ப்பு நேரத்தில் கூண்டில் நிற்பவரும் தீர்ப்பு சொல்பவர்களும் ஒரே நிறம்.

பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு மாணவனின் அம்மா. மெதுவாகக் கேட்டார்: "இதுல யாருங்க வெள்ளக்காரன்?"

எனக்கும் தெரியவில்லை.

'குற்றவாளி' என்றார்கள். எழிலரசி அழவில்லை. எழுந்து நின்று ஜூரிகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த பையன்கள்கூட வாயிலிருந்து விரலை எடுத்தார்கள்.

முடிந்ததும் நாடகத்தை இயக்கிய பேராசிரியர் பூரிப்போடு வந்தார். "நெறம் பாக்கறது எவ்ளோ தப்புன்னு பசங்க அழகா சொல்லிட்டாங்க இல்ல மேடம்? வாங்க, குரூப் போட்டோ எடுத்துடலாம்."

நடுவில் நான். எழிலரசியைக் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். கேமராக்காரர் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தயங்கினார். பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது.

"எழில், நீ அந்த ஓரமா போயிடும்மா. இங்க லைட் பத்தல, ஒன் மூஞ்சி போட்டோல விழாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள், ரொம்ப நிதானமாக.

"நான் இங்கயே நிக்கறேன் சார். லைட்ட இந்தப் பக்கம் நகத்தச் சொல்லுங்க."

பேராசிரியர் கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர் என்னைப் பார்த்தார். நான் லைட்டைப் பார்த்தேன். கடைசியில் கேமராக்காரரே போய் லைட் ஸ்டாண்டை லேசாக ஒரு தள்ளு தள்ள, அது பாட்டுக்கு உருண்டு எங்கள் பக்கம் வந்து நின்றது.

அதற்குச் சக்கரம் இருக்கிறது என்பதை அதுவரை யாருமே கவனிக்கவில்லை.