படத்தில் வராத கடைசிப் பத்தி

மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் இடம் கிடைத்த நிம்மதியில் கைப்பேசியைத் திறந்தேன். குடும்பக் குழுவில் நாத்தனார் ஒரு படம் போட்டிருந்தார். வழக்கமாக அவர் போடுவது ரோஜாப்பூவும் காலை வணக்கமும்தான். அன்று போட்டிருந்தது பாம்புக்கடி. ‘டாக்டர்கள் குழுவில் வந்தது, எல்லாருக்கும் அனுப்புங்கள்’ என்று மேலே ஒரு வரி. நாலு வரி படித்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நான் எழுதியது. முழுதாக இல்லை, பாதி.

பேரையூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவர். வீடு மதுரை கே.கே. நகரில். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து திருமங்கலத்தில் இறங்கித் திரும்பி வந்தவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கேலி செய்வார். இந்தத் தொழிலில் அரளாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

அந்த எழுத்து பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். சில வாரங்களுக்கு முன், மக்காச்சோளத் தட்டை அறுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூட்டிவந்தார்கள். காலில் ஏதோ கடித்தது, ஓடியதைப் பார்க்கவில்லை என்றார். வீக்கம் இல்லை. பல்லீறில் ரத்தம் இல்லை. ஆள் தெளிவாகப் பேசினார். எங்கள் பக்கத்தில் கண்ணாடி விரியன் உண்டு. அதன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது. அதனால் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். கெட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷமுறிவு ஊசி மருந்தைச் சொட்டு சொட்டாக ஏற்ற வேண்டும்.

அவருடைய ரத்தம் ஓடியது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆளைப் பார்த்தால் விஷம் ஏறியவர் மாதிரி இல்லை. அந்த ஊசியும் சாதாரணமானது அல்ல. சிலருக்கு அதுவே ஒவ்வாமல் மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தேவை என்றால் யோசிக்கக் கூடாது, தேவையில்லாமல் தொடவும் கூடாது. எங்கள் மருத்துவர்கள் குழுவில் கேட்டேன். மூத்தவர் ஒருவர் ‘போடுங்கள்’ என்றார். உடனே அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்துவிட்டன.

இந்தக் கூப்பிய கைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவில் யார் எதைப் போட்டாலும், குறிப்பாகப் பெரியவர்கள் போட்டால், எல்லாரும் கை கூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிடுவோம். படித்தேன், புரிந்தது, சரி, நன்றி, வணக்கம் எல்லாமே அதுதான். கல்யாண வீட்டில் மொய் வைக்கிற மாதிரி, வைக்காமல் போனால்தான் யாராவது கவனிப்பார்கள். அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, இத்தனை பேர் ஒப்புக்கொண்டார்களே என்று ஊசியை எடுத்தவர்களும் உண்டு.

எனக்கு மனசு கேட்கவில்லை. இணையத்தில் தேடினேன். அந்தச் சோதனையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை தலைப்போடும் சுருக்கத்தோடும் கண்ணில் பட்டது. உள்ளே போகப் பார்த்தால் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்திவிட்டது. மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருக்கும் என் வகுப்புத் தோழனைக் கூப்பிட்டேன். அவனுக்குக் கல்லூரி நூலகத்தின் வழியாக எல்லாக் கதவும் திறக்கும்.

“எம்புட்டு அவசரம்ப்பா?” என்றான்.

“ஆளு எதிர்ல படுத்திருக்காரு.”

உடனே அனுப்பிவிட்டான். மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, நோயாளியை ஒரு கண்ணாலும் கைப்பேசியை ஒரு கண்ணாலும் பார்த்தபடி படித்தேன். ரத்தத்தை உறையத் தூண்டுவதே வெறுங்கண்ணாடிதானாம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் என்றால், நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம் என்று எழுதியிருந்தது.

எங்கள் செவிலியரைப் பார்த்தேன். அவர் எதையும் பளபளப்பாக வைத்துக்கொள்பவர். “இந்தக் குழாய எப்படிக் கழுவுனீங்க?” என்றேன்.

“சோப்புத் தூள் போட்டு நல்லா தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காய வச்சேன் மேடம். ஏன், அழுக்கா இருக்கா?”

அதே தட்டிலிருந்து இன்னொரு குழாயை எடுத்து என் ரத்தத்தை விடச் சொன்னேன். பிரிக்காத பெட்டியிலிருந்து எடுத்த ஒரு புதுக் குழாயில் நோயாளியின் ரத்தத்தை விட்டோம். காத்திருந்தோம். என் ரத்தம் தண்ணீராக ஓடியது. என்னை எந்தப் பாம்பும் கடிக்கவில்லை. புதுக் குழாயில் இருந்தது தலைகீழாகக் கவிழ்த்தும் அசையவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செவிலியர் மட்டும், “சுத்தமா வச்சது தப்பா மேடம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மனிதரை ஒரு நாள் வைத்திருந்து, மறுபடியும் சோதித்துவிட்டு ஊசி இல்லாமலே அனுப்பினோம்.

அதைத்தான் குழுவில் எழுதினேன். செவிலியர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று தமிழிலேயே எழுதினேன். முதல் பத்தியில் என்ன நடந்தது என்பது. இரண்டாவதில் கட்டுரை சொல்வது: ரத்தம் உறையவில்லை என்றால் பதறி ஊசியை எடுக்காதீர்கள், குழாயைப் பாருங்கள், புதுக் குழாயில் மறுபடி பாருங்கள். கடைசிப் பத்தியில் எச்சரிக்கை: வீக்கமோ, பல்லீறில் ரத்தமோ, வேறு எந்த விஷக் குறியுமோ இருந்தால் மறுசோதனைக்குக் காத்திருக்காதீர்கள், உடனே மருந்தை ஏற்றுங்கள். ஆய்வுக் கட்டுரைகளும் இந்த வரிசையில்தான் இருக்கும். கண்டது முதலில், அதன் எல்லை கடைசியில். படித்துப் படித்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

கூப்பிய கைகள் குவிந்தன. முதல் கை என் வகுப்புத் தோழனுடையது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குழுவில் நீளமான செய்தி போட்டால் பாதியோடு நிறுத்தி, ‘மேலும் படிக்க’ என்று காட்டும். அதைத் தொட்டால்தான் மிச்சம் விரியும். யாரோ ஒருவர் அதைத் தொடாமலே திரையைப் படம் பிடித்திருக்கிறார். ‘புதுக் குழாயில் மறுபடி பாருங்கள்’ என்பதோடு படம் முடிந்துவிட்டது. கடைசிப் பத்தி அதில் இல்லவே இல்லை. அந்தப் படம்தான் டாக்டர்களிடமிருந்து மருந்துக் கடைகளுக்கும், அங்கிருந்து ஊருக்கும் போய், ரோஜாப்பூக்களுக்கு நடுவே என் நாத்தனார் கையில் வந்து நின்றது.

பஸ் திருமங்கலம் தாண்டுவதற்குள் அந்தப் படத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒருவர் கண்ணாடி விரியன் கடித்துப் படுத்திருப்பார். ரத்தம் உறையாது. பணியில் இருக்கும் இளம் மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மறுபடி குழாயைச் சாய்த்துக்கொண்டிருப்பார். இந்தக் காட்சியை விட்டு என்னால் நகர முடியவில்லை. குழுவில் திருத்தம் போட்டேன். கைகள் கூப்பின. தெரிந்த மருத்துவர்களை எல்லாம் கூப்பிட்டேன். “எந்தப் படம்?” என்றவர்கள் பாதி. “அதான் பாத்தாச்சே, நல்லா எழுதியிருந்தீங்க” என்றவர்கள் பாதி. நல்லா எழுதியிருந்தேனாம்.

வீட்டில் சொன்னேன். “வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுங்குற” என்றார் கணவர். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ எழுதினது சரிதானே?” என்றார். சரிதான். நான் எழுதியது சரி, ஊர் படிக்கிறது தப்பு. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பாம்புக்கடி என்று பக்கத்து ஊரிலிருந்து செய்தி வந்தால், ஆள் பிழைத்தாரா என்று விசாரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

நான் பயந்தது எங்கோ நடக்கவில்லை. என் வாசலுக்கே வந்தது. ஒரு முற்பகல், பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியை, உசிலம்பட்டியில் கடை வைத்திருக்கும் அவள் தம்பி வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தான். பாதம் வீங்கி, வீக்கம் கணுக்காலைத் தாண்டியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். பல்லீறெல்லாம் ரத்தம். நான் சோதனைக் குழாயைத் தேடவே இல்லை. “ஊசி மருந்தக் கரைங்க” என்றேன். செவிலியர் அதற்குள் குப்பிகளை எடுத்து வைத்திருந்தார்.

தம்பி குறுக்கே வந்து நின்றான். “பொறுங்க டாக்டரம்மா. எங்க மாமாவுக்கு இந்த ஊசி போட்டுத்தான் ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி, பொழச்சதே பெரிய பாடாப் போச்சு. ரத்தம் உறையலைன்னாலும் அவசரப்படக் கூடாதாம்ல. ரெண்டாந்தடவ பாத்துட்டுத்தான் போடணுமாம். டாக்டருகளே போட்டிருக்காங்க, பாருங்க.”

கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். என் வரிகள்.

“தம்பி, அத எழுதுனதே நான்தான்.”

“சும்மா சொல்லாதீங்கம்மா. இது மதுரையில பெரிய டாக்டரு போட்டதுன்னாங்க.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவன் மேல் இல்லை. அவன் அக்காவைக் காப்பாற்றத்தான் நிற்கிறான், அதுவும் என் பேச்சைக் கேட்டு. கைப்பேசியை எடுத்துக் குழுவில் அந்தச் செய்தியைத் தேடினேன். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் பதவி உயர்வு வாழ்த்துகளுக்கும் அடியில் எங்கோ புதைந்து கிடந்தது. அவசரத்தில் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஒருவழியாகக் கிடைத்தது. அதே வரிகள், அடியில் ‘மேலும் படிக்க’. அவன் கண் முன்னால் அதைத் தொட்டேன். மிச்சம் விரிந்தது.

அவன் வாசிக்கத் தொடங்கும் முன், கட்டிலில் இருந்தவள் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நீ வாசிச்ச வரைக்கும் போதும்டா. மிச்சத்த அந்தம்மா சத்தமா வாசிக்கட்டும். காலு என் காலு.”

வாசித்தேன். வீக்கமோ, பல்லீறில் ரத்தமோ இருந்தால் காத்திருக்காதீர்கள். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. தம்பி தன் படத்தையும் என் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். “இது ஏன் இதுல இல்ல?” என்றான். நான் அவள் கையில் நரம்பைத் தேடத் தொடங்கினேன். அவன் விலகி நின்றான். மருந்து இறங்கத் தொடங்கியது. ஒவ்வாமை வந்தால் கொடுக்க வேண்டிய ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் மூச்சையே எண்ணிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒவ்வாமை வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் மருந்தோடு என் வகுப்புத் தோழனின் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி, அவனுக்குத் தகவல் சொன்னேன்.

மருந்து முழுதும் ஏறி ஆறு மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தை மறுபடி பார்ப்பார்கள். அதுவரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புறநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு, அந்தச் செய்தியைப் புதிதாக எழுதத் தொடங்கினேன். இந்த முறை கடைசிப் பத்தி முதலில் வந்தது. ‘வீக்கம், ரத்தக் கசிவு இருந்தால் காத்திருக்க வேண்டாம், மருந்தை ஏற்றுங்கள்.’ அதற்குக் கீழேதான் குழாயும் சோப்பும். எங்கே வெட்டினாலும் உயிருக்குச் சேதம் வராமல் இருக்கிறதா என்று திரையைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்தேன்.

திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது வகுப்புத் தோழன் கூப்பிட்டான்.

“உறைஞ்சிருச்சுப்பா. சாய்ச்சுப் பாத்தேன், அசையல. பல்லீறும் நின்னுருச்சு. அந்தப் பொண்ணு டீ கேக்குது.”

கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் பார்க்கிறாரே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? “குழாய் புதுசுதானே?” என்றேன்.

“புதுசுதான். நீ எழுதினதைப் படிச்சதுலேர்ந்து இங்க எல்லாம் புதுசுதான்.”

“கடைசிப் பத்தி வரைக்கும் படிச்சியா?”

  

“நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு,” என்றான் மெதுவாக, “கையக் கூப்பி விட்டுட்டேன்ப்பா.”