பதில் போடாவிட்டால் சம்மதம்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் பக்கச் சுவர் படகுத்துறைக்குப் போகும் சாலையைப் பார்த்து இருந்தது. எழுபதுகளின் கடைசியில், அதில் ஒரு வருடத்துக்கு விளம்பரம் எழுத ஒரு மருந்துக் கம்பெனி அனுமதி கேட்டது. கார்ப்பரேஷனில் வேலை பார்த்த அப்பா, என்ன மருந்து என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். படர்தாமரைக் களிம்பு! முதுகைச் சொறிந்துகொண்டு ஒருவன் ஆளுயரத்துக்கு நின்றான். என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அவன்தான் வீட்டு அடையாளம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருகிறவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்புறம் ஒரு தகவலும் வராது. வராவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். யாரும் போய்க் கேட்பதில்லை. நான்தான் வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் காத்திருப்புதான் என்னைத் தின்றது.

வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கையில், விளம்பரத்தைத் தொடரலாமா என்று கம்பெனி கடிதம் போட்டபோது, அப்பாவும் அதே வழக்கப்படி பேசாமல் இருந்துவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் பெயிண்டர்கள் ஏணியோடு வந்து நின்றார்கள்.

"எக்ரிமெண்ட் புதுக்கியாச்சு, சேச்சி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சுவரில் இருந்தவன் முதுகுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள்.

"நான்தான் பதிலே போடலையே! அப்போ வேண்டாம்னுதானே அர்த்தம்?" என்று அப்பா குதித்தார்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது: முடிவதற்கு ஒரு மாதம் முன்பே வேண்டாமென்று எழுதித் தராவிட்டால், அடுத்த வருடத்துக்கும் சம்மதம் என்றே கொள்ளப்படும். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து வந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. என்னிடமே நேராக, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். மூன்று வாரமாகியும் தகவல் இல்லை.

"அவ்வளவுதான், விடு" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. தரகரிடம் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள வேண்டாம்னு சொல்லலைன்னா, சம்மதம்னு எடுத்துக்கிட்டு நாங்க நாள் பார்த்துருவோம்னு சொல்லுங்க."

"என்ட மோளே!" என்று தரகர் வாயைப் பிளந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமையே மாப்பிள்ளையின் தாய்மாமன் வியர்க்க விறுவிறுக்க வந்துவிட்டார். "மன்னிக்கணும். எங்களுக்கு வேண்டாம்" என்றார் அப்பாவிடம்.

கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை வந்துபோன அத்தனை பேரிலும், வேண்டாம் என்பதைச் சொல்லும் அளவுக்கு என்னை ஒரு ஆளாக மதித்து வந்தவர் அவர் ஒருவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "சாயா குடிச்சிட்டுப் போங்க மாமா" என்றேன்.