மண்குழிக் குட்டையும் மாப்பிள்ளையும்

எனக்குச் சந்தேகப்படுவது பல் தேய்ப்பது மாதிரி. காலையில் எழுந்தால் முதல் வேலை அதுதான். பால்காரர் தண்ணீர் கலந்தாரா, பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறையை மறந்தாரா அல்லது மறந்தது போல நடித்தாரா, பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் ஏன் போனில் பேச்சை நிறுத்தினார் என்று ஒவ்வொன்றாக எடுத்து அலசிவிட்டுத்தான் டீயே குடிப்பேன். "உங்களுக்கு உங்க நெழலு மேலயே சந்தேகம்" என்று என் மனைவி சிரிப்பாள். ஆனால் என் தங்கை வீட்டுக்காரர் மேல் நான் பட்ட சந்தேகத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. அதனால் தங்கையே எனக்கு இல்லாமல் போகிற நிலை வந்தது. அப்பா அம்மா போன பிறகு கூடப்பிறந்தது என்று எனக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

மாப்பிள்ளை நாங்கள் பார்த்தவர் இல்லை. சிதம்பரத்துக்குப் படிக்கப் போனவள் தானே பார்த்துக்கொண்டது. வெள்ளாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்து ஊர்க்காரர், பரம்பரையாக ஆற்றில் வலை போடுகிற குடும்பம். நாங்கள் தலைமுறையாக நெல்லும் மணிலாக் கடலையும் போட்டவர்கள். சரி, கட்டியாயிற்று, என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டேன். மனதை மூட முடியவில்லை. பிறகு தங்கைக்கு விருத்தாசலத்திலேயே ஒரு ஸ்கூலில் வேலை கிடைத்து, இருவரும் எங்கள் மாடிக்குக் குடிவந்தார்கள். ஆற்றையும் கடலையும் விட்டுவிட்டு ஒரு ஆம்பளை எதற்காகப் பெண்டாட்டி ஊரில் வந்து உட்காருகிறான்? ஏதோ கணக்கு இருக்கிறது என்றே நினைத்தேன்.

எனக்குப் பீங்கான் சூளையில் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சூளை ஆறியதும் கதவைத் திறந்து, வெந்த ஃப்யூஸ் கேரியர்களையும் பொம்மைகளையும் இறக்க வேண்டும். ஆறிவிட்டதா இல்லையா என்று பார்க்க எத்தனையோ கருவி வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பட்டறையில் கடைசி வார்த்தை என் கைதான். "அண்ணே, கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்பார்கள். நான் வெறுங்கையால் ஒரு பொருளை எடுத்து, திருப்பி, "இறக்கலாம்" என்பேன். மற்றவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு இறக்குவார்கள். எனக்கு அது தேவைப்பட்டதில்லை. அதில் ஒரு திமிர் எனக்கு. ஏன் மறைக்க வேண்டும், நிறையவே திமிர்.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அதில் ஒரு மூலையில் எந்தக் காலத்திலோ பீங்கானுக்கு மண் எடுத்த பெரிய குழி. மழையில் ரொம்பி இடுப்பளவு தண்ணீர் நிற்கும். மாப்பிள்ளைதான் அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுல மீனு வுடலாம்" என்றார். ரோகு, கட்லா, மிருகால் குஞ்சுகள் வாங்கி விட்டோம். குட்டை என்னுடையது, உழைப்பு அவருடையது. தினமும் மொபெட்டில் போய் வருவார். மழைக்காலமும் பனிக்காலமும் நன்றாகவே போயின. தவிட்டை வீசினால் மீன்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். பார்க்கவே வயிறு நிறையும்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் சேதி மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போய்த் தவிடு வீசினேன். ஒரு மீன் வரவில்லை. தவிடு அப்படியே மிதந்தது. இன்னொரு கை வீசினேன். ஒன்றுமில்லை.

"மீனெல்லாம் எங்க மாப்ள?"

"அடிக்குப் போயிட்டுது மச்சான். மேல் தண்ணி சுடுதுல்ல."

நான் குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் கூட விடவில்லை, உள்ளங்கைதான். "எங்க சுடுது? சில்லுனு இருக்குது!"

அவர் என் கையைப் பார்த்தார். எதையோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அப்புறம், "எங்க ஊர்ல முகத்துவாரத்துலயும் இப்படித்தான் மச்சான். கோடைல கழிமுகத்துத் தண்ணி சூடேறிச்சுன்னா மடவை மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிடும். ஏத்தத்துல கடல்லேருந்து குளுந்த தண்ணி ஏறினாத்தான் திரும்பி வரும். அதுங்களுக்குப் போக எடம் இருக்குது. குட்டை மீனு எங்க போகும்?" என்றார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறவர்களை நம்பி எனக்குப் பழக்கமில்லை. மீனை ராவோடு ராவாக அள்ளி விற்றுவிட்டு எனக்குக் கதை சொல்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தவிட்டு மூட்டை குறையவே இல்லை. கேட்டால், "சூட்டுல மீனு சாப்பிடாது, போட்டா அழுகி இருக்கற காத்தையும் கெடுத்துடும்" என்றார். ஓகோ, பட்டினி போட்டுச் சாகடிக்கப் பார்க்கிறாயா என்று நினைத்தேன். தென்னங்கீற்று வெட்டிக் குட்டையின் பாதியை மூடினார். நிழலுக்காம். எதையோ மறைக்கத்தான் என்று எனக்குத் தோன்றியது. விடியுமுன்பே கிளம்பிப் போனார். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பனைமரத்து மறைவில் நின்று பார்த்தேன். மனுஷன் குட்டைக்குள் இறங்கி, ஒரு பெரிய கிளையால் தண்ணீரை அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தார். பைத்தியமா? மந்திரமா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அவரையே கேளுங்களேன்" என்றாள்.

"கேட்டா உண்மைய சொல்லிடுவாரா?"

"அப்ப எதுக்குத்தான் வாய் இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

சாப்பிடும்போது அவராகவே சொன்னார். சூடான தண்ணீரில் காற்று நிற்காதாம். ராத்திரியில் பாசியும் மிச்சத்தை இழுத்துக்கொள்ளுமாம். விடியும் நேரத்தில் மீன்கள் மூச்சு முட்டி வாயைப் பிளந்துகொண்டு மேலே வருமாம், தண்ணீரை அடித்தால் காற்று கலக்குமாம். "பாதி மீனை நம்ம கெணத்துல வுட்டுடலாமா மச்சான்? ஊத்து கம்மிதான், குட்டைக்கு எறைக்க முடியாது. ஆனா அடில நெழல் தண்ணி நிக்குது." நான் சோற்றைப் பிசைந்தபடி, "கெணத்துல வுட்டா எத்தனை இருக்குது, எத்தனை போச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணும் வேணாம்" என்றேன். தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் மட்டும், "சரி மச்சான்" என்றார்.

சித்திரை வெயிலில் ஒரு விடியற்காலை நான் மறுபடி போனேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. குட்டைக் கரையில் இரண்டு பிளாஸ்டிக் டிரம். உள்ளே மீன்கள் துள்ளுகின்றன. மாப்பிள்ளை வலையோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. மாட்டினாயா!

"திருட்டுப் பயலே! சோறு போட்ட வூட்டுலயேவா?"

பக்கத்து வயலுக்கு வேலைக்கு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

"கெணத்துக்கு மச்சான். நெறய மேல வந்துடுச்சி. இன்னைக்குத் தாங்காது."

"கொட்டுடா குட்டையில!"

தங்கை புருஷனை, மாப்பிள்ளையை, ஊரார் முன்னால் 'டா' போட்டேன். அவர் கரையேறி, இரண்டு டிரம்மையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து மெதுவாக, மீனுக்கு அடிபடாமல், குட்டையில் விட்டார். வலையை அலசிக் காயப்போட்டார். "போயிட்டு வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தார்.

நான் வீடு வந்தபோது தங்கை மாடியிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் லீவு நாட்கள் அவை. "கொஞ்ச நாளு ஊருக்குப் போறீங்களாம்மா?" என்று என் மனைவி கேட்டாள். தங்கை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவரத் திருடன்னு சொன்ன வூட்டுல நான் சாப்பிட்டா, நானும் திருடிதான்." கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். ஆனாலும் நான் தடுக்கவில்லை. குட்டு வெளிப்பட்டதும் ஓடுகிறார்கள் என்றே நினைத்தேன். அப்படி ஒரு ஜென்மம் நான்.

நான்காம் நாள் குட்டை முழுக்க மீன் செத்து மிதந்தது. வெள்ளை வயிறுகள், ஒன்றன்மேல் ஒன்று, கரையோரமெல்லாம். நாற்றம் ரோடு வரைக்கும் வந்தது. எனக்கு ஒரு வினாடி கூடச் சந்தேகமில்லை: வந்து மருந்து கலந்துவிட்டுப் போய்விட்டான். அங்கேயே உட்கார்ந்து போலீசுக்குப் புகார் எழுதினேன். மாப்பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், ஊர், எல்லாம் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். செத்ததை அள்ளிப் புதைக்க ஒரு கை வேண்டும் என்று மனைவியை வரச் சொன்னேன். அவள் பஸ் பிடித்து வந்து சேர உச்சி வெயில் ஆகிவிட்டது.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குட்டையில் கால் வைத்தவள், "ஐயோ!" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"என்ன, முள்ளா?"

"தண்ணிங்க! கொதிக்குது! இதுல எப்படிங்க மீனு இருக்கும்?"

நான் குனிந்து கையை விட்டேன். "சும்மா சொல்லாத. சில்லுனுதான் இருக்குது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கோபமில்லை. பயந்துபோய்ப் பார்த்தாள். என் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "முழங்கைய வைங்க" என்றாள். எங்கள் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டும் தண்ணீரை அவள் அப்படித்தான் பார்ப்பாள். நான் மண்டியிட்டு முழங்கையைத் தண்ணீரில் வைத்தேன்.

சுட்டது. சுரீரென்று இல்லை, ஆனால் சுட்டது. குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்று நினைக்கவே முடியாத சூடு. மறுபடி உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. முழங்கை, உள்ளங்கை, முழங்கை, உள்ளங்கை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சூளையில் எதைத் தொட்டு "இறக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதெல்லாம் ஆறியதா ஆறாததா என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. என் கை செத்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் தண்ணீரோடு பிறந்து வளர்ந்தவரிடம் 'சுடவில்லை' என்று சாதித்திருக்கிறேன்.

சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். மனைவி படித்தாள். "இதக் குடுத்திருந்தா அவ ஜென்மத்துக்கும் உங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டா" என்று சொல்லி நான்காகக் கிழித்தாள். மத்தியானம் முழுக்க இருவரும் மீன் புதைத்தோம். நான் அழுதேன். அவள் பார்க்காத மாதிரி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று இரண்டு பஸ் மாறி முகத்துவாரத்து ஊருக்குப் போனேன். வழியெல்லாம் வெள்ளாறு கூடவே வந்தது. மேலே மணலாகக் கிடந்த ஆறு அங்கே அகலமாக, உப்புக் காற்றோடு, தண்ணீராக நின்றது. தங்கை வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். "வாங்க" என்று சொல்லவில்லை.

"எல்லா மீனும் செத்துப் போச்சும்மா. தண்ணி சூடுதான். என் கைக்கு சூடே தெரியல. எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது."

"எங்களுக்கு மாசிலயே தெரியும்" என்றாள்.

"எப்படி?" என்றேன்.

"அடுப்புலேருந்து கொதிக்கற கொழம்புச் சட்டிய துணியில்லாம எறக்கினீங்க. விரல்ல கொப்புளம் வந்துது, நீங்க கவனிக்கவே இல்ல. அவருதான் பாத்தாரு. அண்ணன்கிட்ட சொல்லிடலாம்னு நான் சொன்னேன். வேணாம்னுட்டாரு. இது வெளிய தெரிஞ்சா சூளைல வேலைக்கு வச்சுக்க மாட்டாங்க, மச்சான் அந்தக் கைய வச்சுத்தான் நாலு பேருக்கு முன்னாடி நிமிந்து நடக்கறாரு, நாம சமாளிச்சுக்கலாம்னாரு. அவரு தலையில என் கைய வச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நீங்க திருடன்னு சொன்ன அன்னைக்கு, பஸ்ஸுல கூட, சொல்லிடாதன்னாரு."

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடல் ஏற்றத்தோடு படகுகள் திரும்பின. மாப்பிள்ளை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் வலையைக் கீழே வைத்தார். "வாங்க மச்சான், எப்ப வந்தீங்க? ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க?" என்று ஒன்றுமே நடக்காதது மாதிரி என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் காலைத் தொடக் குனிந்தேன். விடவில்லை.

தங்கை இலை போட்டாள். மடவைக் குழம்பு. அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மீன்கள் எந்தப் பக்கம் அதிகமாகச் செத்தன, கீற்று மூடிய பக்கமா, திறந்த பக்கமா என்று அக்கறையாகக் கேட்டார். குட்டையை இன்னும் ஒரு ஆள் ஆழம் வெட்டினால் அடுத்த கோடையைத் தாண்டிவிடலாம் என்றார்.

"வந்துடுங்க மாப்ள. குட்டை உங்களுது. நீங்க சொல்றபடி வெட்டலாம். ரெண்டு பேரும் வூட்டுக்கு வந்துடுங்க."

அவர் சரியென்று தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார். தங்கை சோற்றுப் பாத்திரத்தை எங்கள் நடுவில் வைத்தாள்.

"நீங்க கூப்பிட்டா அவரு வந்துடுவாருண்ணா. அதனாலதான் நான் வுட மாட்டேன்."