போயா நாளில் ஓடிய மெஷின்

கொழும்பில் ஒரு விஞ்ஞான பீடத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளவத்தை வீட்டுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். "சேர், எம்.பில். செய்ய எங்க இடம் இருக்கு? ஆரிட்ட கிராண்ட் இருக்கு?" என்று கேட்பார்கள். இடமும் இருக்கிறது, கிராண்ட்டும் இருக்கிறது. ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தால் சம்பளத்தோடு எம்.பில். பதியலாம், வேலை நன்றாக இருந்தால் பிஎச்.டி.க்கு உயர்த்துவார்கள். இதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். பிறகு நான் ஷாமினியின் கதையைச் சொல்லுவேன். அதில் குற்றவாளி நான்.

ஷாமினி கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கால்வாய்க் கரைகளில் வளரும் கங்குன் கீரையில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஈயத்தை அளக்கும் ஏ.ஏ.எஸ். மெஷின் என் பொறுப்பு. புதன்கிழமை அவளுடைய முறை. யார், எந்த நாளில், எந்த சாம்பிளைப் போட்டார்கள் என்று லொக் புக்கில் எழுதிக் கையெழுத்து வைப்பது என் வேலை. "சிவகுமாரின் லொக் புக் பிழைக்காது" என்று பீடத்தில் சொல்லுவார்கள். எனக்கும் அதில் பெரிய பெருமை.

இரண்டு வருட முடிவில் அவளைப் பிஎச்.டி.க்கு உயர்த்துவதற்கான நேர்முகம் நடந்தது. ஜப்பானில் ஓர் ஆய்வுகூடம் ஆறு மாதம் வந்து வேலை செய்ய அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. உயர்த்திய கடிதம் மாத முடிவுக்குள் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நேர்முகத்தின் பாதியில் அவளுடைய மேற்பார்வையாளர் மெடம் என்னைக் கூப்பிட்டா. "சிவா, லொக் புக்கை ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ."

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒரு சிங்களப் பேராசிரியர், மரியாதையான மனிதர். ஒரு தொகுதி சாம்பிளில் ஈயம் மிக அதிகமாக இருந்ததால் திகதியைச் சரிபார்க்க நினைத்திருக்கிறார். பக்கத்தைப் புரட்டியவர் ஆங்கிலத்தில் கேட்டார். "இந்தப் புதன்கிழமை போயா. பௌர்ணமி விடுமுறை, பீடமே பூட்டு. மெஷின் எப்படி ஓடியது?"

ஷாமினி தன் கொப்பியைக் காட்டினாள். அதில் செவ்வாய் என்று இருந்தது. "போயா எண்டபடியால் முதல் நாளே செய்தனான். லொக் புக்தான் பிழை, சேர்."

மெஷினின் கம்ப்யூட்டரில் மணிக்கூட்டுப் பற்றரி செத்துப் பல மாதம். அது அச்சடித்துத் தந்த தாளில் இருந்த திகதியும் உதவாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லுகிறேன். நான் அன்றன்று எழுதுவதே இல்லை. வெள்ளிக்கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒரு கிழமைக்கும் சேர்த்து எழுதிவிடுவேன். ஷாமினி என்றால் புதன், கை தன்பாட்டில் எழுதிவிட்டது. இதைச் சொன்னால் முப்பது வருடப் பெயர் போகும். வாயை மூடிக்கொண்டு இருந்தால், அளக்காமலே எண்களை இட்டுக்கட்டியவள் என்ற பெயர் அவளுக்கு வரும்.

பிறகு சொன்னேன். "பிழை என்னுடையது. நான் வெள்ளிக்கிழமைதான் மொத்தமாக எழுதுகிறனான்."

மெடத்தின் முகம் கறுத்துப்போனது. பேராசிரியர் புத்தகத்தை மூடினார். "அப்படியென்றால் இதில் எந்த வரியை நாங்கள் நம்புவது?"

காப்பாற்றியது ஷாமினியின் வேலைமுறை. ஒவ்வொரு சாம்பிளிலும் பாதிக் கீரைத்தூளை அவள் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். சந்தேகமான தொகுதியை வேறொரு உத்தியோகத்தர் முன்னிலையில் திரும்ப அளக்கச் சொன்னார்கள். பத்து நாளில் அளந்து முடித்தாள். எண்கள் பொருந்தின. கடிதம் நேரத்துக்குப் போனது, அவளும் போனாள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. "யானைக்கும் அடி சறுக்கும்தானே, சிவா," என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். சறுக்கினால் ஒரு நாள் சறுக்கும். நான் ஒவ்வொரு வெள்ளியும் அல்லவா சறுக்கினேன்.

புறப்படுவதற்கு முதல் ஷாமினி சொல்லிவிட்டுப் போக வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"கோவம் இல்லை சேர். ஆனா நீங்கள் அண்டைக்குக் கதைக்காமல் விட்டிருந்தால் எல்லாரும் என்னைப் பொய்க்காரி எண்டு நம்பியிருப்பினம். கொஞ்ச நாளில நீங்களும் நம்பியிருப்பீங்கள்."

அவள் சொன்னது சரி. ஒரு வருடம் போயிருந்தால், புத்தகத்தில் என் கையெழுத்தைப் பார்த்து, அவள் புதன்கிழமைதான் வந்தாள் என்று நானே சத்தியம் செய்திருப்பேன். ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகளே, மெஷினை நிற்பாட்டியதும் எழுதுங்கள். கை கழுவுவது அதற்குப் பிறகு.