கழற்றிய கதவு

எங்கள் ஓபிஸில் எம்.டி.யின் அறைக் கதவைக் கழற்றிவிட்டார்கள். கழற்றச் சொன்னது யார்? எம்.டி.யேதான்!

கண்டிக்குப் பக்கத்தில் தேயிலையைப் பைகளில் அடைத்து பக்கெட் பண்ணும் கம்பனி எங்களுடையது. நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டில் எம்பிஏ படித்துவிட்டு வந்த புதிய எம்.டி., வந்த வாரமே தச்சரைக் கூப்பிட்டார். "இனி யாரும் கதவைத் தட்டத் தேவையில்ல. என்ன பிரச்சினைன்னாலும் நேரா உள்ள வாங்க" என்றார். நாங்களும் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. எப்படிப் போவது? வாசலுக்கு நேரே பெக்கிங் பிரிவு சுப்பர்வைசரின் மேசை. உள்ளே தும்மினால் வெளியே கேட்கும்...

போன வாரம் பெக்கிங்கில் வேலை செய்யும் சாந்தி அந்த வாசல் வரை போனாள். சுப்பர்வைசரைப் பார்த்தாள். அப்படியே திரும்பி என் மேசைக்கு வந்துவிட்டாள்.

"அந்தாளு சும்மா சும்மா ஸ்டோருக்குள்ள கூப்புடுறாரு மிஸ். கையைப் புடிக்கிறாரு" என்றாள்.

"எம்.டி.கிட்ட சொல்லு. நானும் வாறேன்."

"அங்கயா? எல்லாருக்கும் கேக்குமே மிஸ்! அவரும் எங்க தோட்டந்தான். நான் பஸ் ஏறி தெல்தோட்டைக்குப் போறதுக்குள்ள பேச்சு போயிரும். அப்புறம் வீட்டுல என்னய வேலைக்கே விடமாட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்மைப் போன்ற நாடுகளில் தலைமைத்துவம்கூட இறக்குமதிச் சரக்குதான். கதவில்லாத அறை வெளிநாட்டில் நல்ல யோசனையாகவே இருக்கட்டும். அங்கே புகார் சொல்பவளும் புகாருக்கு ஆளானவரும் ஒரே பஸ்ஸிலா வீட்டுக்குப் போகிறார்கள்? இங்கே ஒருத்தி வாயைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் கதவை மூட வேண்டும்!

மறுநாள் சாந்தி வேலைக்கு வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே எம்.டி.யிடம் போனேன். மனிதர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"பாத்தீங்களா மிஸ்? கதவைக் கழட்டினதில இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல!"

"சேர், ஒரு விஷயம்..."

"சொல்லுங்க, சொல்லுங்க!"

வெளியே கீபோர்ட் சத்தம் நின்றது. சுப்பர்வைசர் தலையைத் தூக்கினார்.

"கன்டீனுக்குப் போய் ஒரு பிளேன்டி குடிப்போமா சேர்?"

கன்டீனின் மூலை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல்ல?" என்றார்.

சுப்பர்வைசரை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் தினமும் சாந்திக்குப் போன் எடுக்கிறேன். நேற்றுத்தான் அவளுடைய அம்மா எடுத்தார். "அவள இனி அனுப்பமாட்டோம் மிஸ்" என்று வைத்துவிட்டார்.

எம்.டி.யின் அறைக்குக் கதவு திரும்ப வந்துவிட்டது... சாந்திதான் வரவில்லை.